அம்மம்மாவுக்கும் விளங்கும் ஒரு வீடியோ விளையாட்டு

குளிர்காலம் வந்தால் மொன்ட்ரியால்-நோர் வீடுகளில் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால்தான். "என்னத்தை விளையாடுதுகளோ, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று அம்மம்மாமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்கும் விளங்கக்கூடிய ஒரு விளையாட்டு வரிசை எங்கள் நகரத்திலேயே செய்யப்பட்டது. இந்த மாதப் பேச்சு அதைப் பற்றியது.

ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் 2012இல் மொன்ட்ரியாலில் ஒரு விளையாட்டுத் தயாரிப்புக் கூடத்தைத் திறந்தது. அங்கே 'ஹிட்மேன் கோ' (2014), 'லாரா குரொஃப்ட் கோ' (2015), 'டியூஸ் எக்ஸ் கோ' (2016) என்ற மூன்று புதிர் விளையாட்டுகள் உருவாகின. முதலில் இவை கைத்தொலைபேசிகளுக்காகச் செய்யப்பட்டவை. முதல் இரண்டும் 2016இல் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கும் வந்தன.

ஊரில் விறாந்தைச் சீமெந்தில் கரிக்கட்டியால் கோடு கீறி 'நாயும் புலியும்' விளையாடியது நினைவிருக்கிறதா? கோடுகள் சந்திக்கும் இடங்களில் காய்கள் இருக்கும். ஒரு முறைக்கு ஒரு காயை, கோட்டின் வழியே ஓரிடம் நகர்த்தலாம். 'ஹிட்மேன் கோ'வும் அப்படித்தான். நீங்கள் ஓரடி வைத்தால், காவலாளிகளும் தங்கள் முறைக்கு நகர்வார்கள். சிலர் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். சிலர் முன்னும் பின்னும் நடப்பார்கள். காவலாளியின் முகத்துக்கு நேரே போய் நின்றால் பிடிபடுவீர்கள். 'லாரா குரொஃப்ட் கோ'வில் காவலாளிகளுக்குப் பதிலாகப் பாம்பும் பல்லியும் சிலந்தியும். சில நிலக்கற்கள் முதல் மிதியில் வெடிக்கும், இரண்டாம் மிதியில் இடிந்து விழும்.

தாயத்தில் சோகி உருட்டுவதுபோல் இங்கே அதிர்ஷ்டம் இல்லை. கை வேகமும் தேவையில்லை. நீங்கள் அடி வைக்கும்வரை எதிரி அசையமாட்டான். தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கலாம். நாயும் புலியுமில் எதிரே ஒருவர் இருந்து யோசிப்பார். இங்கே எதிர்ப்பக்கம் யோசிப்பதில்லை, ஒரு விதிப்படி நகர்கிறது. அந்த விதியைக் கவனித்துப் பிடிப்பவர் வெல்வார்.

ஆகவே பெற்றோரும் பேரன் பேத்தி கண்டவர்களும் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். "இப்ப நீ அங்கை போனால் அவன் எங்கை வருவான்? இன்னும் எத்தனை அடி?" என்று கேளுங்கள். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளை, இதற்குத் தமிழில் எண்ணித்தான் பதில் சொல்லவேண்டும். முன், பின், இடம், வலம் எல்லாம் வாயில் வரும்.

இன்னொரு விடயம். 2022இல் அந்தக் கூடம் சுவீடனின் எம்பிரேசர் நிறுவனத்துக்குக் கைமாறி, 'ஓனோமா' என்று பெயர் மாறி, அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. 2023 ஜனவரியில் 'டியூஸ் எக்ஸ் கோ' கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களும் இனி விளையாட முடியாது என்று அறிவித்தார்கள். இணையத்தில் இறக்கும் விளையாட்டு, காசு கொடுத்தாலும் முழுக்க எங்களுடையது அல்ல.

கரிக்கோட்டு விளையாட்டை ஒரு நிறுவனமும் மூடமுடியாது. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லாவிட்டால் அதுவும் போய்விடும். பிள்ளை தன் விளையாட்டை உங்களுக்குக் காட்டி முடித்ததும், ஒரு மட்டையில் கோடு கீறி உங்களுடையதைக் காட்டுங்கள். காய்களுக்குப் புளியங்கொட்டை போதும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.