நெருப்பா, புல்லா, கொம்பா?

‘உலகிலேயே கற்கக் கடினமான பத்து மொழிகள்’ என்றொரு பட்டியல் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு வரும். தமிழ் அதில் இருந்தால் பெருமையோடு பகிர்வார்கள், இல்லாவிட்டால் கோபத்தோடு பகிர்வார்கள். இந்த முறை அதை அனுப்பிய வாசகி ஒருவர் கேள்வியும் சேர்த்திருக்கிறார்: “கொரிய மொழி பட்டியலில் முன்னால் நிற்கிறது. என் மகளோ தொடர் பார்த்தே கற்றுக்கொள்வேன் என்கிறாள். எதை நம்புவது?”

இரண்டையுமே அப்படியே நம்ப வேண்டாம்.

இத்தகைய பட்டியல்கள் பலவும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் வைத்திருக்கும் கணக்கிலிருந்து கிளைத்தவை. வேலைக்குத் தேவையான அளவு பேசவும் படிக்கவும் தூதரக அதிகாரிகளுக்குத் தமிழ் என்றால் 44 வாரம், அதாவது 1,100 வகுப்பு மணி. அரபு, சீனம், ஜப்பானியம், கொரிய மொழி என்றால் 88 வாரம், 2,200 மணி. நேர்மையான கணக்குதான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள். அந்த விவரம் பட்டியல் கைமாறும்போது உதிர்ந்துவிடுகிறது.

‘நான் படித்த புத்தகம்’ என்பதைக் கொரிய மொழியில் சொல்ல, அதே மூன்று சொற்களை அதே வரிசையில் வைத்தால் போதும். நம் பெயரெச்சம் செய்யும் வேலையை அங்கும் வினையோடு ஒட்டிய விகுதியே செய்கிறது. வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும். மரியாதையும் வினையின் வாலில்தான் தெரியும். 15ஆம் நூற்றாண்டில் அரசர் செஜோங் தந்த எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24தான். படுத்தும் இடங்களும் உண்டு: மணி சொல்ல ஓர் எண்வரிசை, நிமிடம் சொல்ல வேறோர் எண்வரிசை. ஆனால் ஆங்கிலக்காரரைத் தலைகீழாக நிற்கவைக்கும் வாக்கிய அமைப்பு நமக்குப் பழகிய திண்ணை.

இந்த ஒற்றுமையைக் கண்டு மயங்கியவர்கள் இன்றைய ஆட்கள் மட்டுமல்ல. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டார். மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை. ‘அப்பா’, ‘அம்மா’ இரண்டிலும் இருக்கிறதே என்றால், குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் அவை. உறவில்லாத மொழிகளிலும் அப்படியே கிடக்கின்றன. சொந்தம் இல்லாமலே உதவி கிடைக்கிறது, வாங்கிக்கொள்வோம்.

உண்மையான சிக்கல் காதில் இருக்கிறது. கொரிய மொழியில் நெருப்பு, புல், கொம்பு மூன்றுக்கும் மூன்று சொற்கள். தமிழில் எழுதினால் மூன்றும் ‘புல்’தான். (புல்லுக்குப் புல்லே என்று அடுத்த வாட்ஸ்அப் செய்தி தயாரிக்க வேண்டாம்.) வேறுபாடு முதல் மெய்யில் மட்டும்.

உதடு திறப்பதற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1964இல் 11 மொழிகளில் அதை அளந்தார்கள்; தமிழும் அவற்றில் ஒன்று. கொரிய மொழியில் கொம்பின் மெய்க்குச் சுமார் 7 மில்லிநொடி, நெருப்புக்கு 18, புல்லுக்கு 91. வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்தால் புல்லில் காற்று மோதும், கொம்பில் மோதாது.

இதையும் அண்மைத் தலைமுறைகள் மாற்றிவிட்டன. சோல் நகர இளைஞர்கள் பேச்சில் நெருப்பின் இடைவெளி நீண்டு புல்லோடு கலந்துவிட்டது. இப்போது இரண்டையும் பிரிப்பது அடுத்து வரும் உயிரின் சுருதி. நெருப்பு தாழ்ந்து தொடங்கும், புல் உயர்ந்து தொடங்கும். மூச்சையே கவனித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு விடை கிடைக்காது. அது சுருதிக்குக் குடிபோய்விட்டது.

நமக்கு ஏன் இது கேட்பதில்லை? ‘பல்’லில் உள்ள பகரமும் ‘அம்பு’வில் உள்ள பகரமும் வேறு ஒலிகள், நாம் சட்டை செய்வதில்லை. பொருள் மாறாத இடத்தில் காது வேறுபாட்டைத் தள்ளுபடி செய்துவிடும். இந்தத் தள்ளுபடி எப்போது நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1971இல் ஐமாஸ் குழுவினர் ஒரு மாதக் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பை வைத்து ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள். சலித்ததும் சப்பும் வேகம் குறைந்தது. ஒலி எல்லை தாண்டி மாறியதும் வேகம் கூடியது. 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தன. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. நமக்குத் தூக்கத்திலும் தெரியும் வேறுபாடு அது.

பிறந்த குழந்தையின் காது மினி இட்லித் தட்டு. குழிகள் பொடிப்பொடியாக நிறைய. வீட்டுப் பேச்சு என்னும் மாவு தினமும் விழ விழ, தேவையில்லாத வரப்புகள் தேய்ந்து, ஒரு வயதுக்குள் அது சாதாரண இட்லித் தட்டாகிவிடும். பிறகு மாவு வரப்பின்மேல் விழுந்தாலும் ஏதோ ஒரு குழிக்குள் சரிந்து முழு இட்லியாகத்தான் வேகும்; அரை இட்லி கிடையாது. கொரியர் மூன்று கரண்டி ஊற்றுகிறார், நமக்கு ஓர் இட்லி எழும்புகிறது. இருபது வயதில் கற்பவர் அடுப்பிலிருக்கும் அதே தட்டில் புது வரப்பு தட்ட வேண்டும். சுடத்தான் செய்யும். சாம்பாரை இதற்குள் இழுக்கப் போவதில்லை.

வரப்பு தட்ட வழி இருக்கிறது. ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ ஒன்றாகவே கேட்கும். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், பலருடைய குரல்களில் சொற்களைக் கேட்கவைத்து, எது என்று ஊகிக்கச் சொல்லி, சரியா தவறா என்பதை உடனே காட்டினார்கள். தேர்ச்சி கூடியது. தொடரில் குரல்கள் ஏராளம்; ஆனால் அது கேள்வி கேட்பதில்லை, திருத்துவதில்லை. கீழே ஓடும் சப்டைட்டில் காதுக்கு விடுமுறையே கொடுத்துவிடுகிறது.

ஆகவே மகள் தொடரைப் பார்க்கட்டும், சப்டைட்டிலை அணைத்துவிட்டு. அதோடு தினமும் கொஞ்ச நேரம், நெருப்பு–புல்–கொம்பு போன்ற சொற்களை வெவ்வேறு ஆட்கள் சொன்ன பதிவுகளாகக் கேட்டு, ஊகித்து, உடனே சரிபார்க்கட்டும். இலக்கணத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பட்டியலை அழித்துவிடலாம்.