‘பாசிட்டிவ்’ என்றால் நல்லதா?

ஆய்வக அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ எனக் கண்டு, “நல்லபடியாக வந்திருக்கிறது” என வீட்டிற்குச் செய்தி சொல்வோர் உளர். ‘நெகட்டிவ்’ எனக் கண்டு முகம் வாடுவோரும் உளர். அம்பத்தூர்த் தொழிற்கூடத்திலும் ஆவடிப் பள்ளியிலும் “பாசிட்டிவாக இரு” என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இம்மயக்கம் இயல்பே.

‘வைத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது இச்சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தபோது ‘வகுத்து வைக்கப்பட்டது’ என்பதையும், பின்னர் ‘ஐயமற்றது’ என்பதையும் குறித்தது. ‘நம்பிக்கையூட்டுவது’ என்னும் பொருள் மிகப் பிற்காலத்தது. ‘நெகட்டிவ்’ என்பதன் வேர்ப்பொருள் ‘மறுத்தல்’.

மருத்துவத்தில் பாசிட்டிவ் என்றால் ‘தேடியது இருக்கிறது’. நெகட்டிவ் என்றால் ‘தேடியது தென்படவில்லை’. அவ்வளவே. எனவே, எதைத் தேடினார்கள் என்பதே முதன்மையானது. கருவுற்றதை அறியும் சோதனையில் பாசிட்டிவ் என்பது பலருக்கு மகிழ்ச்சி. காசநோய்க்கான சளிச் சோதனையில் அதே சொல், சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும் என்பதன் அறிகுறி.

இரத்த வகையில் வரும் ‘நெகட்டிவ்’ நோயன்று. சிவப்பணுக்களில் ‘ஆர்எச் டி’ என்னும் புரதம் இல்லை என்பதே அதன் பொருள். ஆயினும், நெகட்டிவ் வகைத் தாய்க்குப் பாசிட்டிவ் வகைக் குழந்தை பிறந்தால், அடுத்த கருவைக் காக்க 72 மணி நேரத்திற்குள் ‘ஆன்டி-டி’ ஊசி போடுவது வழக்கம். ஆகவே, கருவுற்றவர்கள் தம் இரத்த வகையை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

ஒரு சோதனையின் விடையே முடிந்த முடிபும் ஆகாது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தனர். வேலூரில் பாசிட்டிவ் எனத் தெரிந்த முடிவு, அமெரிக்காவில் வேறொரு முறையாலும் சோதிக்கப்பட்டு உறுதியாயிற்று. அவ்வாறே, தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் நெகட்டிவ் என வருவதும் உண்டு. அப்போது சில வாரங்கள் கழித்து மறுசோதனை தேவைப்படலாம்.

அறிக்கையைப் பெற்றதும் தாமாகவே மகிழவோ கலங்கவோ வேண்டா. மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எதைத் தேடினீர்கள்? இவ்விடை உறுதியானதா? இனி நாங்கள் செய்ய வேண்டியது என்ன?