116 மீட்டர் வெட்டியும் தண்ணீர் வராத கிணறு: உறைமண் நாட்டின் உழவர்கள்

ரஷ்யாவின் சைபீரியாவில், லேனா ஆற்றங்கரையில் யாகுட்ஸ்க் என்ற நகரம் இருக்கிறது. 1828-ம் ஆண்டு ஷெர்கின் என்ற வணிகக் கம்பெனி அலுவலர் அங்கே ஒரு கிணறு வெட்ட ஏற்பாடு செய்தார். மேல்மண்ணைத் தாண்டியதுமே மண் கல்லாக இறுகிக் கிடந்தது. வேலை வருடக்கணக்கில் நீண்டது. 1837-ல் நிறுத்தியபோது ஆழம் 116 மீட்டர், அதாவது சுமார் 380 அடி. தண்ணீர் வரவில்லை. அடிமண்ணும் உறைந்தே கிடந்தது.

1840-களில் மிட்டென்டார்ஃப் என்ற விஞ்ஞானி அந்தக் கிணற்றுக்குள் பல ஆழங்களில் வெப்பநிலையை அளந்தார். பூமிக்குள் இவ்வளவு ஆழத்துக்கு மண் உறைந்திருக்கிறது என்பது அப்போதுதான் அளவோடு தெரியவந்தது.

கிணறு தண்ணீர் தராத இந்த மண்ணின் மேல்தான் சாகா இன மக்கள் பல நூற்றாண்டுகளாக மாடும் குதிரையும் வளர்த்து வாழ்கிறார்கள். இப்போது அந்த மண் உருகுகிறது. அதோடு அவர்களுடைய வயலும் கீழே இறங்குகிறது.

உறைமண் என்றால் என்ன?

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தும் காய்கறிப் பயிரும் கருகுவதை நாம் அறிவோம். அந்தப் பனி காலை வெயில் ஏறியதும் கரைந்துவிடும். யாகுட்ஸ்க் இருக்கும் யாகுட்டியா மாநிலத்தில் நிலைமை வேறு. பரப்பில் கிட்டத்தட்ட இந்தியா அளவுள்ள அந்த மாநிலத்தில் மக்கள்தொகை சுமார் 10 லட்சம்தான். யாகுட்ஸ்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்.

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூஜ்யம் டிகிரிக்கு மேல் போகாத மண்ணை நிரந்தர உறைமண் என்கிறார்கள். யாகுட்டியாவின் பெரும்பகுதியில் இது நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் பரவியிருக்கிறது. கோடையில் மேலே உள்ள ஒன்றிரண்டு மீட்டர் மண் மட்டும் இளகும். புல்லும் மரமும் பயிரும் வேர் விடுவது அந்த மேலடுக்கில்தான்.

யாகுட்ஸ்கில் ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 240 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரி மழையில் இது நாலில் ஒரு பங்கு. ஆனாலும் அங்கே அடர்ந்த லார்ச் மரக்காடு நிற்கிறது. அடியில் உள்ள உறைமண் தண்ணீரைக் கீழே இறங்க விடாது. களிமண் அடித்தளம் போட்ட பண்ணைக்குட்டைபோல, கிடைக்கிற ஈரத்தை வேருக்கு எட்டும் ஆழத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது.

மண்ணுக்குள் இறங்கிய பனி ஆப்பு

கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் கட்டம் கட்டமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்போம். கடுங்குளிரில் உறைந்த மண்ணும் அப்படித்தான் சுருங்கி வெடிக்கும். வசந்தத்தில் பனி உருகிய நீர் அந்த வெடிப்பில் இறங்கி உறைந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் அதே இடம் மறுபடி வெடிக்கும், மறுபடி நீர் இறங்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் சேரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது பல மீட்டர் அகலமும், சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் ஆழமும் உள்ள பனிக்கட்டி ஆப்பாகிவிடுகிறது.

இந்த ஆப்புகள் ஒன்றோடொன்று இணைந்து, வரப்பு போட்டதுபோல நிலத்தைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. கடைசிப் பனியுகத்தில் உருவான சில நிலங்களில் மண்ணைவிடப் பனிக்கட்டியே அதிகம்.

ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் பனியுகத்தில் உறைமண் இருந்தது. அங்கே ஆப்புகள் உருகி, அந்த இடத்தில் வேறு மண் நிரம்பிவிட்டது. கிழக்கு இங்கிலாந்தின் தானிய வயல்களில், மழை குறைந்த கோடையில் பயிர் கட்டம் கட்டமாக நிறம் மாறி நிற்பதை விமானத்திலிருந்து பார்க்க முடியும். ஆப்பு இருந்த தடத்தில் மண்ணின் ஈரம் வேறுபடுவதால் வரும் கோடுகள் அவை.

பள்ளம் தந்த புல்வெளி

பனியுகம் முடிந்து பூமி வெப்பமடைந்தபோது யாகுட்டியாவில் சில இடங்களில் ஆப்புகள் உருகின. மேலே இருந்த மண் உள்வாங்கியது. பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியானது. பிறகு ஏரி மெல்லச் சுருங்க, சுற்றிலும் செழிப்பான புல் முளைத்தது. நடுவில் குளம், சுற்றிப் புல்வெளி, அதற்கப்பால் காடு. இந்த வட்டப் பள்ளத்தைச் சாகா மொழியில் ‘அலாஸ்’ என்கிறார்கள். சில அலாஸ்கள் பல கிலோமீட்டர் அகலம் கொண்டவை.

சாகா மக்களின் வாழ்வாதாரமே இந்தப் புல்வெளிதான். கோடை மிகக் குறுகியது. ஜூலையில் குடும்பத்தோடு புல் அறுத்து, உலர்த்தி, போர் போடுகிறார்கள். மாடுகள் குளிர்காலம் முழுவதும் கொட்டகைக்குள் அந்த உலர்புல்லைத் தின்றுதான் உயிர் பிழைக்க வேண்டும். அவர்களுடைய குதிரைகளோ குளிர்காலத்திலும் வெளியிலேயே திரிந்து, குளம்பால் பனியைக் கிளறிப் புல் மேயும். உறைமண்ணில் குழி தோண்டி இறைச்சியையும் மீனையும் சேமிப்பார்கள். மின்சாரம் தேவையில்லாத குளிர்பதன அறை அது.

உறைமண் உருகியதால் கிடைத்த புல்வெளி என்றால், இன்று உருகுவதும் நல்லதுதானே என்று தோன்றலாம். ஒரு பள்ளம் பயன்தரும் அலாஸாக மாறப் பல தலைமுறைகள் போதாது, பல நூற்றாண்டுகள் வேண்டும். இன்று நிலம் இறங்குவதோ ஒரே உழவரின் ஆயுளுக்குள்.

மூடாக்கு போனால் நிலமும் போகும்

காட்டுத் தரையில் பாசியும் உதிர்ந்த இலையும் மெத்தைபோலக் கிடக்கும். அதற்கு மேலே மர நிழல். இரண்டும் சேர்ந்து கோடை வெயில் கீழே இறங்காமல் தடுக்கின்றன. நம் தோட்டத்தில் மூடாக்கு ஈரத்தைக் காப்பதுபோல, அங்கே பனிக்கட்டியைக் காப்பது இந்த மூடாக்கு.

சோவியத் காலத்தில் யாகுட்டியாவின் பல இடங்களில் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். சில காலம் விளைந்தது. ஆனால், நிழலும் பாசியும் போனதால் வெயில் ஆப்புகளை எட்டியது. ஆப்பு இருந்த கோடுகள் பள்ளமாயின. இடையில் இருந்த மண் திட்டுகளாக நின்றது. சுராப்ச்சா வட்டாரத்தில் இப்படி மேடுபள்ளமாகிக் கைவிடப்பட்ட வயல்களும் உண்டு. மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பினாலும், அடியில் பனிக்கட்டி மிச்சமிருந்து உருகும்வரை நிலம் மீண்டும் இறங்கும்.

மாநிலத்தின் வடக்கே உள்ள படகாய் என்ற ஊருக்கு அருகில் காடு அழிக்கப்பட்ட ஒரு சரிவில் சிறிய பள்ளம் விழுந்தது. 1960-களில் தொடங்கிய அந்தப் பள்ளம் இன்று சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வாய் பிளந்து, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே உறைமண்ணுக்குள் கெடாமல் கிடந்த குதிரைக் குட்டி ஒன்று 2018-ல் கிடைத்தது. அதன் வயது சுமார் 42,000 ஆண்டுகள்.

காடழிப்போடு வெப்பமும் கூடிவருகிறது. படகாய்க்கு அருகில் உள்ள வெர்க்கோயான்ஸ்க் ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே பதிவானதில் இதுவே உச்சம் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்திருக்கிறது. காட்டுத் தீயும் மூடாக்கை எரித்துவிடுகிறது.

மக்காமல் கிடக்கும் உரக்குழி

உறைமண் வட்டாரங்களின் மண்ணில் சுமார் 1,50,000 கோடி டன் கரிமம் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். காற்றில் உள்ள கரிமத்தைப்போல இது ஏறக்குறைய இரு மடங்கு. மக்காமல் உறைந்துபோன பழைய வேரும் இலையும்தான் இவை. மண் உருகினால் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கிவிடும். உரக்குழியில் நடப்பதுபோல எல்லாம் மக்கும். அப்போது கரியமில வாயுவும், தண்ணீர் தேங்கிய இடங்களில் மீத்தேனும் வெளியேறும். இந்த வாயுக்கள் பூமியை மேலும் சூடாக்கும். அந்தச் சூடு எல்லா நாட்டு உழவர்களுக்கும் பொது.

சாகா உழவர்களுக்கு இப்போது முன்னே இருக்கும் கேள்வி எளிமையானது: எந்த நிலத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? பனிக்கட்டி ஏற்கெனவே உருகி அடங்கிய பழைய அலாஸ் ஓரளவு நம்பகமானது. பனி ஆப்பு நிறைந்த காட்டு மேட்டில் மரத்தையும் பாசியையும் அகற்றினால், வயல் கிடைப்பது சில காலத்துக்குத்தான். அங்கே ஏர் பூட்டும் முன் மேல்மண்ணைப் பரிசோதித்தால் மட்டும் போதாது. அடியில் எவ்வளவு பனிக்கட்டி இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.