வராதவர் வீட்டுக்கு ஒரு நடை



ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறோம். "அவரை இரண்டு வாரமாகக் காணவில்லையே?" என்று ஒருவர் கேட்கிறார். "பட்டணத்துக்குக் குடிபோனதும் பக்தி குறைந்துவிட்டது" என்கிறார் இன்னொருவர். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்டவரும் வீட்டுக்குப் போகிறார், சொன்னவரும் போகிறார். வராதவர் வீட்டுக்கு மட்டும் ஒருவரும் போவதில்லை.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'பக்திவிருத்தி' என்ற சொல் பல இடங்களில் வருகிறது. அதைக் கேட்டதும் நீண்ட ஜெபமும் உபவாசமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'வீடு கட்டுதல்' என்பதே நேர்ப்பொருள். அப்படியானால், ஒருவருக்கொருவர் பக்திவிருத்தி உண்டாக்குவது என்பது ஒருவரையொருவர் கட்டி நிமிர்த்துவதாகும். வீட்டைப் பழுதுபார்க்க வருகிற கொத்தனார் முதலில் என்ன செய்கிறார்? எங்கே விரிசல் என்று பார்க்கிறார். பிறகுதான் சாந்தைக் குழைக்கிறார்.

தெசலோனிக்கே நகரத்துச் சபைக்குப் பவுல் அப்போஸ்தலர் ஏறக்குறைய கி.பி. 50-ஆம் ஆண்டில் எழுதிய முதல் நிருபத்தில் இந்த வழியைக் காணலாம். பவுல் கூடாரத் தொழில் செய்தவர். பிறருக்குப் பாரமாக இராதபடி இரவும் பகலும் உழைத்தவர். உழைப்பாளியின் களைப்பு அவருக்குத் தெரியும். ஐந்தாம் அதிகாரத்தில் அவர் மூன்று வகையினரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒழுங்கு தவறியவருக்கு எச்சரிப்பு வேண்டும். மனம் சோர்ந்தவருக்கு ஆறுதல் வேண்டும். பலவீனருக்குக் கைத்தாங்கல் வேண்டும். பொறுமையோ எல்லாரிடமும் வேண்டும்.

நாம் செய்கிற தவறு என்ன? மூவருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறோம். சோர்ந்து கிடப்பவரிடமும் போய்ப் புத்திமதி சொல்கிறோம்.

கெடாவில் பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெற்றோருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. விடியற்காலைப் பெரட்டில் ஒருவர் நிற்கவில்லையென்றால் உடனே தெரிந்துவிடும். லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வந்துவிடும். பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. கூலிமில் 1996-இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நம் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறின. தொழிற்சாலையில் ஒருவருக்கு இரவு ஷிப்டு. காவலாளி வேலையில் இன்னொருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம். இன்று ஒருவர் வரவில்லை என்றால், நாமாகப் போய்க் கேட்டால்தான் காரணம் தெரியும்.

போய்க் கேட்டால் என்ன தெரியவரும்? "காணிக்கை போடக்கூடக் கையில் காசில்லை, எந்த முகத்தோடு வருவது?" என்று ஒருவர் சொல்லலாம். பேருந்து இல்லாமல் ஒரு பாட்டி வீட்டிலேயே அழுதுகொண்டிருக்கலாம். இவர்கள் ஒழுங்கு தவறியவர்களா? இல்லையே! ஒருவருக்கு ஆறுதல் வேண்டும். மற்றவருக்கு மோட்டார் சைக்கிளிலோ காரிலோ ஓர் இடம் வேண்டும். அதே சமயம், குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவரிடம் இனிப்பாகப் பேசிவிட்டு வருவது ஆறுதல் ஆகாது. அவரைக் கண்டிக்க வேண்டும்; அந்தத் தாயையும் பிள்ளைகளையும் பாதுகாப்பாகத் தாங்க வேண்டும்.

சீப்புரு தீவைச் சேர்ந்த யோசே என்பவருக்கு அப்போஸ்தலர்கள் பர்னபா என்று பெயரிட்டார்கள்; ஆறுதலின் மகன் என்பது அதன் பொருள். எருசலேமில் எல்லாரும் சவுலுக்குப் பயந்து ஒதுங்கியபோது, அவரை அழைத்துவந்து சேர்த்தவர் பர்னபா. பாதி வழியில் திரும்பிப்போன இளைஞன் மாற்குவைப் பவுலே வேண்டாம் என்றபோது, அவனைத் தம்மோடு கூட்டிச் சென்றவரும் அவர்தான். பிற்காலத்தில் அதே மாற்கு தமக்குப் பயனுள்ளவன் என்று பவுல் எழுதினார். ஒருவரைக் கைவிடாததால் சபைக்கு எவ்வளவு லாபம், பாருங்கள்!

ஆகவே, ஒருவர் இரண்டு ஞாயிறு வரவில்லையென்றால் மூன்றாவது ஞாயிற்றுக்கு முன் இரண்டு பேராகப் போவோம். "ஏன் வரவில்லை?" என்று தொடங்க வேண்டாம். "அண்ணே, எப்படி இருக்கிறீர்கள்? வேலை எந்த ஷிப்டு?" என்று கேட்போம். பாதி நேரமாவது காது கொடுப்போம். கேட்ட துன்பத்தை அவருடைய அனுமதியின்றிச் சபை நடுவே ஜெபக் குறிப்பாக வாசிக்க வேண்டாம். ஒருமுறை மனம் புண்பட்டவர் மறுமுறை வாய் திறக்கமாட்டார். வீட்டு ஜெபக் கூட்டத்தின் நேரத்தையும் ஷிப்டுக்காரருக்கு ஏற்றபடி மாற்றிப் பார்க்கலாம்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. போதகர் ஒருவரே எல்லா வீடுகளுக்கும் போய்வர முடியாது. வருகிற ஞாயிறு ஆராதனையில் காலியாயிருக்கும் இடத்தைப் பாருங்கள். அது யாருடைய இடம் என்று நினையுங்கள். அன்று மாலையே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.