பெரிய அலாய் வீல் போடலாமா? ஒரு சின்ன கணக்கு

போனஸ் வந்ததும் ஸ்விஃப்டுக்குப் பெரிய அலாய் வீல் போடலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. முதல்ல டயர் மேல இருக்குற நம்பரைப் படிப்போம்.

2018-ல் வந்த ஸ்விஃப்டின் ஆரம்ப மாடலில் 165/80 ஆர்14. அகலம் 165 மி.மீ., பக்கச் சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. டாப் மாடலில் 185/65 ஆர்15, சுவர் 120. நீங்க ஆசைப்படுற 195/55 ஆர்16-ல் வெறும் 107. மொத்த விட்டம் மூணுக்குமே சுமார் 620 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டர் ஏமாத்தாது.

சுவர் குட்டையானா வளைவுல டயர் நெளியாது, ஸ்டீயரிங் திருப்பின உடனே வண்டி திரும்பும். சுகம்தான். ஆனா நம்ம ஊர் பள்ளத்துல விழுற அடி நேரா ரிம்முக்குப் போகும். வீல் கனமா இருந்தா பிக்கப், மைலேஜ் ரெண்டும் குறையும்.

இனி என் ஏரியா. வெளியில போட்ட அலாயை பாலிசியில் சேர்க்கலைன்னா, திருடு போனா க்ளெய்ம் வராது. வண்டிக்கு அடிபடாம டயர் மட்டும் கிழிஞ்சா சாதாரண பாலிசியில் பைசா கிடையாது. சேர்ந்து அடிபட்டாலும் பாதி விலைதான்.

உங்க டயர் பட்டன் தேய்ஞ்சு 1.6 மி.மீ.யை நெருங்கிடுச்சா? அதுதான் சட்ட வரம்பு. அந்த போனஸ்ல அதே சைஸ்ல நாலு நல்ல டயர் வாங்குங்க. மழையில பிரேக் அடிக்கும்போது வித்தியாசம் தெரியும்.