பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறீர்களா?

தீபாவளிக்கு அடுத்தபடியாக நம் தோட்டத்துப் பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருப்பது கடற்கரைப் பயணத்துக்குத்தான். பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸைப் பேசிக்கொண்டு போர்ட்டிக்சனுக்கோ மோரிப்புக்கோ பத்து பெரிங்கிக்கோ போய் வருவது நல்ல பழக்கம். ஆண்டு முழுக்கப் பால்மரத்தோடும் செம்பனையோடும் மல்லுக்கட்டும் உடம்புக்கு ஓய்வு வேண்டும். சேர்ந்து வேலை செய்து ஈராண்டு ஆகாதவருக்கு 8 நாள், ஈராண்டுக்கு மேல் 12 நாள், ஐந்தாண்டுக்கு மேல் 16 நாள் சம்பளத்தோடு ஆண்டு விடுமுறை உண்டு என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமே சொல்கிறது. அதில் ஒரு நாளைப் பிள்ளைகளுக்காக எடுப்பதில் தப்பே இல்லை.

ஆனால் தாய்மார்களே, தந்தைமார்களே, ஒன்றை மறக்கக்கூடாது. நம் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக் கால்வாய் தெரியும், மண் ரோடு தெரியும், லயத்து வாசல் தெரியும். கடல் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை. ஆகவே சாப்பாட்டு மூட்டை கட்டுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படியுங்கள்.

எந்த மாதம், எந்தக் கரை?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அந்த மாதங்களில் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரைகளில் அலை பெரிதாக இருக்கும். குவாந்தான் தெலுக் செம்பெடாக் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சமயத்தில் சின்னப் பிள்ளைகளை அங்கே தண்ணீரில் இறக்கக்கூடாது. சிவப்புக் கொடி பறக்கிறது என்றால் பெரியவர்களும் இறங்கக்கூடாது.

மேற்குக் கரையில் அலை குறைவு. அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே வேறு சங்கதி இருக்கிறது. மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி நேரம். மோரிப்பில் நீர் வற்றினால் சேறும் மணலும் வெகுதூரம் வெளியே தெரியும். பிள்ளைகள் நண்டு பிடிக்கிறேன், சிப்பி பொறுக்கிறேன் என்று நடந்துகொண்டே போவார்கள். கடல் திரும்பி வரும்போது ஓசை படாமல் வரும். முன்னால் மட்டுமல்ல, பள்ளமான இடங்களில் பக்கவாட்டிலும் புகுந்து பின்பக்கத்தை மறித்துவிடும்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம். இதை நம் பெரியவர்கள் அறிவார்கள். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. பினாங்கு தெலுக் பஹாங்கில் தெப்பத் திருவிழா பார்க்கக் குழந்தைகளோடு போகிறவர்கள் அன்று கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும் என்பதை மனத்தில் வைத்து, கரையை விட்டுத் தள்ளியே பாய் விரிக்க வேண்டும்.

வழக்கமான வற்று மெதுவாக, மணிக்கணக்கில் நடக்கும். கடல் திடீரென்று சில நிமிடங்களில் உள்வாங்கினால் அது வேறு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டு எழுந்த ஆழிப்பேரலை பினாங்கு, கெடா கரைகளில் அடித்தது. நம் நாட்டில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பினாங்கில் பலியானவர்களில் விடுமுறை நாளைக் கழிக்கக் கடற்கரைக்கு வந்த குடும்பத்தினர் பலர் இருந்தார்கள். கடல் திடீரென்று பின்வாங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள், மீன் பொறுக்க ஓடாதீர்கள். பாத்திரம் பண்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

யார் பார்த்துக்கொள்வது?

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நாம் கூட்டமாகப் போகிறோம். அப்பாமார்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அம்மாமார்கள் அண்டாவை இறக்கிச் சோறு போடுகிறார்கள். பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? "எல்லாரும்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்பார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. வீட்டில் மூத்த பிள்ளை பத்து வயதுப் பெண்ணாக இருந்தால், "அக்கா பாத்துக்கும், நீ வா" என்று சின்னதுகளை அவள் கையில் விட்டுவிடுகிறோம். லயத்தில் அம்மா வேலைக்காட்டுக்குப் போனபின் அவள்தானே தம்பி தங்கையைப் பார்க்கிறாள் என்ற தைரியம். லயத்து வாசலும் கடலும் ஒன்றா? இரண்டு பிள்ளைகளை ஒரே நேரத்தில் அலை இழுத்தால் அந்தச் சின்னப் பெண் யாரைப் பிடிப்பாள்? தம்பியைப் பிடிக்கப் போய் அவளும் மூழ்குவாள். தப்பித்தாலும் அந்தப் பாரத்தை ஆயுசு முழுக்கச் சுமப்பாள். அந்தச் சுமையை ஒரு குழந்தையின் தலையில் ஏற்றக்கூடாது. அவளும் விளையாட வந்தவள்தான்.

ஆகவே முறை போடுங்கள். பஸ்ஸில் ஏறும் முன்பே பேர் எழுதிவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு இரண்டு பெரியவர்கள். அந்த அரை மணி நேரம் அவர்களுக்குச் சாப்பாடு இல்லை, கைப்பேசி இல்லை, பீர் இல்லை, அரட்டை இல்லை. கண் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். கையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்ளட்டும். அடுத்தவர் வந்து துணியை வாங்கிக் கட்டிய பிறகுதான் முன்னவர் எழுந்து போகலாம். ஆண்களும் முறைக்கு வர வேண்டும். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து சமைத்த அம்மாவுக்கும் அது லீவு நாள்தான்!

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை தண்ணீரில் நின்றால் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். முழங்கால் அளவு தண்ணீர் போதாதா என்று கேட்காதீர்கள். கைக்குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர் போதும். மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சு விடவே முடியாதபோது எப்படிக் கத்தும்? சத்தமில்லாமல் கீழே போய்விடும்.

காற்றடைத்த டியூப், வாத்து பொம்மை இவற்றை நம்பி விடக்கூடாது. காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசினால் பிள்ளையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். சட்டை சிவப்பு, ஆரஞ்சு போன்ற எடுப்பான நிறமாக இருக்கட்டும். நீலச் சட்டை தண்ணீரில் தெரியாது. பிள்ளையைக் காணோம் என்றால் கடைப்பக்கம் தேடுவதற்கு முன் முதலில் தண்ணீரில் தேடுங்கள்.

மூழ்கிய பிள்ளையை எடுத்தால்

தலைகீழாகப் பிடித்து ஆட்டுவது, தோளில் போட்டுக் குலுக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் பழைய பழக்கம். அதெல்லாம் வேண்டாம். வாந்தி மேலே வந்து மூச்சுக்குழாயில் போகும், நேரமும் வீணாகும். அந்தப் பிள்ளைக்கு உடனே வேண்டியது மூச்சு.

ஒருவர் 999-க்குக் கூப்பிடட்டும். மற்றவர் பிள்ளையைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு உயரும் அளவுக்கு 5 தடவை ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். அசைவே இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 மூச்சு என்று உதவி வரும் வரை விடாமல் செய்யுங்கள். அமுக்கும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் பிற்பாடு வேலை காட்டும்.

இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. ஒவ்வொரு கிளையும் தோட்டத்துக்கு இரண்டு பேரையாவது அனுப்பினால் கடலுக்கு மட்டுமல்ல, தோட்டத்துக் குட்டைக்கும் அது உதவும்.

வெயில்

1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதனால் நம் ஊரில் உச்சிவெயில் 12 மணிக்கு அல்ல, 1 மணிக்கு மேல்தான். காலை 11 முதல் பிற்பகல் 4 வரை பிள்ளைகள் நிழலில் இருக்கட்டும். காலையில் சீக்கிரம் போய்ச் சேர்ந்து குளித்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி, மாலையில் மறுபடி இறங்கலாம். "கறுப்புத் தோலுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது" என்பது தப்பு. தோல் கறுப்போ சிவப்போ, உடம்புத் தண்ணீர் வற்றுவது எல்லாருக்கும் ஒன்றுதான். தொப்பி, முழுக்கைச் சட்டை, அடிக்கடி குடிதண்ணீர். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், அடிக்கடி கொடுங்கள்.

தூங்குகிற குழந்தையைக் காரில் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பயனில்லை.

சாப்பாடு

விடியற்காலையில் சமைத்த தேங்காய்ப்பால் குழம்பும் தேங்காய்ச் சட்னியும் பஸ்ஸிலேயே கெட ஆரம்பித்துவிடும். இந்தச் சூட்டில் சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கடும் வெயிலில் ஒரு மணி நேரம்தான். கெட்ட சோற்றில் உண்டாகும் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. கறியை ஐஸ் பெட்டியில் வையுங்கள். ரொட்டி, பிஸ்கட், தோல் உரித்துத் தின்னும் வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவை பிள்ளைகளுக்கு நல்லது. கரையில் பொறுக்கிய சிப்பியை அவித்துக் கொடுக்காதீர்கள். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் பகுதிச் சிப்பியைச் சாப்பிட்ட சிலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. கடல் பாசியிலிருந்து சிப்பிக்குள் சேரும் அந்த நஞ்சு, கொதிக்க வைத்தாலும் சாகாது.

வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. அளவு கூடக்கூடாது, குறையக்கூடாது. கண் குழிவிழுந்தாலோ, அழுதால் கண்ணீர் வராவிட்டாலோ, 6 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

காலுக்குக் கீழே, தண்ணீருக்குள்ளே

நாயும் பூனையும் அசுத்தம் செய்யும் மணலில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். வெறுங்காலில் நடந்தால் தோலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து சிவப்புக் கோடாக அரிக்கும். ஆகையால் செருப்பு வேண்டும்; உட்காரப் பாய் வேண்டும்.

நம் கடலில் ஜெல்லிமீன் உண்டு. அதில் பெட்டி வடிவமான ஒரு வகை ஆளையே கொல்லக்கூடியது. கொட்டினால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், சிறுநீர் வைத்தியமும் வேண்டாம். வினிகரை அரை நிமிடமாவது தொடர்ந்து ஊற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் நூல்களைக் குச்சியால் எடுங்கள். மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் 999. சமையல்கட்டில் இருக்கும் வினிகர் பாட்டில் ஒன்றை மூட்டையில் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: குடிதண்ணீர், தொப்பி, மாற்றுத் துணி, செருப்பு, வினிகர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், காயத்துக்குக் கட்டுத்துணி, பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகம், முறை எழுதிய தாள், ஒரு சிவப்புத் துணி.

செலவு செய்து போகிறோம், சந்தோஷமாகப் போகிறோம். போகும்போது பஸ்ஸில் எத்தனை தலை எண்ணினோமோ, திரும்பும்போதும் அத்தனை தலை இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்த பிறகே டிரைவரைக் கிளம்பச் சொல்லுங்கள்.