ஒரு தலை, நூற்றுக்கணக்கில் வால்

பெயரில்லா உயிர்கள் – 11

ஒரு கடற்புழுவைப் புதிய இனம் என்று அறிவிக்க விலங்கியலில் பழகிப்போன ஒரு வரிசை உண்டு. முதலில் நீளம், அகலம். பிறகு உடலில் எத்தனை கண்டங்கள் என்ற கணக்கு. தலையில் கண்கள் எத்தனை, உணர்கொம்புகள் எத்தனை. அதன்பின் கண்டம் கண்டமாக இறங்கி, பக்கக்கால்களின் வடிவத்தையும் அவற்றில் முளைத்திருக்கும் முள்மயிர்களையும் எழுதுவார்கள். கடைசியில் வால். பாலிகீட் எனப்படும் முள்மயிர்ப் புழுக்களைப் பிரித்தறிவதில் அந்த மயிர்களுக்குத்தான் பெரிய மரியாதை. நுனியில் ஒரு பல்லா இரண்டு பல்லா, நடுவில் மூட்டு உண்டா இல்லையா என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் ஓர் இனத்துக்கும் அடுத்த இனத்துக்கும் நடுவே கோடு கிழிப்பார்கள்.

மண்புழு, அட்டை, கடலின் முள்மயிர்ப் புழு எல்லாம் வளைதசைப் புழுக்கள் என்ற ஒரே கூட்டம். இந்தக் கூட்டத்தில் 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றிருக்கின்றன. தலையில் தொடங்கி வாலில் முடியும் அந்த வரிசை இவற்றுக்கெல்லாம் பொருந்திப்போகிறது. ஒரு தலை, ஒரு வால், இடையே ஓர் உடல் என்றுதானே புழு இருக்கும்? அப்படி இல்லாத சில புழுக்களும் கடலில் இருக்கின்றன. 2022 வரை பெயர் பெற்றவை மூன்று. அவற்றை விவரிக்கப் போனவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

புட்டியில் வந்த புதிர்

1872 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ‘சாலஞ்சர்’ கப்பல் 1876 மே மாதம் திரும்பியபோது, கடலடியிலிருந்து வாரிய உயிரினங்கள் அதில் புட்டி புட்டியாக நிறைந்திருந்தன. ஒவ்வொரு வகையும் அதில் தேர்ந்த ஓர் அறிஞரிடம் போனது. முள்மயிர்ப் புழுக்கள் போய்ச் சேர்ந்த இடம், ஸ்காட்லாந்தில் பெர்த் அருகே மர்த்லியில் இருந்த மனநலக் காப்பகம். அதன் தலைமை மருத்துவர் வில்லியம் கார்மைக்கேல் மெக்கின்டாஷ். பகலில் நோயாளிகள், மிச்ச நேரத்தில் புழுக்கள் என்று வாழ்ந்தவர்.

பிலிப்பைன்ஸ் கடலில் எடுத்த ஒரு கண்ணாடிக் கடற்பஞ்சை அவர் ஆராய்ந்தபோது, அதன் உட்குழாய்களில் மெல்லிய புழு ஒன்று ஓடியிருந்தது. சில்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் பின்தொடர்ந்து போனால் உடலின் பக்கத்திலிருந்து இன்னோர் உடல் கிளைத்தது. அந்தக் கிளையிலிருந்து மறு கிளை. 1879இல் அதற்கு ‘சில்லிஸ் ராமோசா’ என்று பெயர் வைத்தார். 1885இல் வெளிவந்த சாலஞ்சர் புழு அறிக்கையிலும் அது இடம்பிடித்தது.

பெயர் வைத்தபின் ஒரு விபரீதம் நேர்ந்தது. கிளைவிடும் புழு என்றால் சில்லிஸ் ராமோசா என்று ஆகிப்போனது. 1895இல் ஜப்பானிய விலங்கியலாளர் ஆசாஜிரோ ஓகா கிளைப்புழு மொட்டுவிடும் முறையைப் பற்றி எழுதியபோதும் அந்தப் பெயரில்தான் எழுதினார். கிளைவிடுவதே அவ்வளவு பெரிய அதிசயமாக இருக்கும்போது, இது அதுவேதானா, அதன் ஒன்றுவிட்ட தம்பியா என்று முள்மயிரைத் திருப்பிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? ஓர் இனத்தின் விவரிப்பில் கண்ணைப் பறிக்கும் ஒரு குணம் இருந்துவிட்டால் மற்ற குணங்கள் அதன் நிழலில் மறைந்துவிடும். வகைப்பாட்டியலில் இது பழைய நோய்.

டார்வின் துறைமுகம், 2012

இரண்டாவது கிளைப்புழு பெயர் பெற 133 ஆண்டுகள் ஆயின. ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வின் நகரை ஒட்டிய ஆழமற்ற கடலில், பெட்ரோசியா என்ற கடற்பஞ்சுக்குள் அது வாழ்ந்தது. டார்வின் அருங்காட்சியகத்தின் கிறிஸ்டோபர் கிளாஸ்பி, பால் ஷ்ரோடர், ஸ்பெயினைச் சேர்ந்த மரியா தெரேசா அகுவாடோ மூவரும் அதை 2012இல் விவரித்தார்கள். சில்லிஸ் பேரினத்துக்குள் அடக்க முடியாத அளவுக்கு அது வேறுபட்டதால் ‘ராமிசில்லிஸ்’ என்று புதுப் பேரினமே உருவானது. இனப்பெயர் ‘மல்டிகாடாட்டா’, அதாவது பல வால்காரி.

கோயில் மதிலின் வெடிப்பில் விழுந்த அரசம்விதை கல்லுக்குக் கல் வேரோடி மதிலையே தன்வசமாக்குவதைப் பார்த்திருப்போம். கடற்பஞ்சுக்குள் இந்தப் புழு பரவியிருப்பது அப்படித்தான். ஒரே தலை உள்ளே புதைந்திருக்கும். நூற்றுக்கணக்கான வால்முனைகள் துளைகள் வழியே வெளியே வந்து கடற்பஞ்சின் மேற்பரப்பில் நெளியும். பஞ்சைப் பிளக்காமல் புழுவை எடுக்க வழியில்லை. பிளந்தால் மெல்லிய உடல் துண்டு துண்டாகிறது.

இப்போது அந்த வழக்கமான வரிசைக்கு வாருங்கள். நீளம் எவ்வளவு? எந்த வால் வரைக்கும் அளப்பது? கண்டங்கள் எத்தனை? எந்தக் கிளை வழியாக எண்ணுவது? முப்பதாவது கண்டத்தில் இன்ன முள்மயிர் என்று சாதாரணப் புழுவுக்கு எழுதிவிடலாம். இங்கே முப்பதாவது கண்டம் என்று எதைச் சொல்வது?

சட்டச் சிக்கலும் உண்டு. விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்குப் பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. 1999க்குப் பின் வெளியாகும் எந்தப் புதிய இனப்பெயருக்கும், அந்தப் பெயரைத் தாங்கும் மூல மாதிரி இதுதான் என்று வெளிப்படையாகக் காட்டியாக வேண்டும். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த மாதிரியை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். முழுதாக வெளியே வராத ஒரு புழுவுக்கு எதை மூல மாதிரியாக வைப்பது? இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது: ஒரு விலங்கின் ஏதேனும் ஒரு பகுதியும் மூல மாதிரியாகலாம். ஒற்றை எலும்பை வைத்து டைனோசருக்குப் பெயரிட முடிவது இதனால்தான். கிளைப்புழுவுக்கும் அதுவே கைகொடுக்கிறது.

ஒரு புழுவா, ஒரு கூட்டமா?

சட்டம் தீர்ந்தாலும் உயிரியல் கேள்வி மிச்சமிருக்கிறது. கடற்பஞ்சுக்குள் இருப்பது ஒரே புழுதானா? பவளம் போல ஒட்டி வாழும் கூட்டமாக இருக்கக் கூடாதா?

2021இல் அகுவாடோ உள்ளிட்ட குழு ராமிசில்லிஸின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து வெளியிட்டது. திசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்ததோடு, எக்ஸ்ரே நுண்வருடலால் முப்பரிமாணப் படமும் எடுத்தார்கள். உடல் கிளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் குடலும் நரம்பும் ரத்தக்குழாயும் கூடவே கிளைக்கின்றன. எந்தக் கிளையில் தொடங்கிப் பின்னோக்கிப் போனாலும் அந்த ஒற்றைத் தலைக்குத்தான் வந்து சேர வேண்டும். ஆக, ஒரே விலங்கு. கிளை பிரியும் இடங்களில் உறுப்புகளுக்கு நடுவே தசைப் பாலங்கள் இருந்தன. பிறக்கும்போதே இப்படிப் பிறப்பதில்லை, வளர்ந்த பிறகே கிளைவிடுகிறது என்பதற்கு அவை சாட்சி.

இத்தனை வால் எதற்கு? சில்லிட் புழுக்களின் இனப்பெருக்கத்தில் அதற்கான குறிப்பு இருக்கிறது. பருவம் வந்ததும் இவற்றில் பலவற்றின் உடலின் கடைசிப் பகுதி முட்டையோ விந்தணுவோ நிறைந்து, தனக்கென்று கண்களை வளர்த்துக்கொண்டு, கழன்று நீந்திப் போய்விடும். இதற்கு ஸ்டோலன் என்று பெயர். ராமிசில்லிஸின் ஸ்டோலனில் கண்களோடு ஒரு சிறு மூளையும் உருவாகிறது. தாய்ப்புழு பஞ்சைவிட்டு நகராமலேயே அடுத்த தலைமுறையை வெளியே அனுப்பிவிடுகிறது. ஒரு வால் இருக்கும் புழுவுக்கு ஒரு வாசல் என்றால், இதற்கு நூற்றுக்கணக்கில் வாசல்.

விடை கிடைக்காதது சாப்பாட்டு விஷயம். இவ்வளவு பெரிய உடலுக்கு வாய் ஒன்றுதான். குடல் வேலை செய்யும் நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் உணவின் தடயத்தை ஆராய்ச்சியாளர்கள் காணவில்லை.

சாடோ தீவின் மூன்றாமவர்

மூன்றாவது கிளைப்புழு ஜப்பானின் சாடோ தீவுக் கரையோரம் கிடைத்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டோரு மியூராவும் அகுவாடோவும் கிளாஸ்பியும் அடங்கிய பெரிய குழு 2022இல் அதை விவரித்தது. பெயர் ‘ராமிசில்லிஸ் கிங்கிடோராஹி’. காட்ஸில்லா படங்களில் 1964 முதல் அட்டகாசம் செய்துவரும் கிங் கிடோரா என்ற அசுரனின் பெயர் அது. அசுரனுக்கு மூன்று தலை, இரண்டு வால். புழுவுக்குக் கணக்கு நேர்மாறு. ஆனால் கிளைவிட்ட உடல், இழந்த முனை திரும்ப வளரும் வரம் என்ற பொருத்தத்தில் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த விவரிப்பை மெக்கின்டாஷின் விவரிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 143 ஆண்டுகளில் தொழில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது விளங்கும். வெளித்தோற்றம், உள்ளுடல் அமைப்பு, வாழிடம் இவற்றோடு மைட்டோகாண்ட்ரியாவின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்து, டார்வின் புழுவிலிருந்து இது எவ்வளவு விலகியது என்று காட்டினார்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு கிளைப்புழுக்களை ஒரே பெயரில் போட்டு மூடும் பழைய நோய்க்கு இதுதான் மருந்து. சில்லிஸ் ராமோசா என்று வெவ்வேறு காலத்தில் பதிவானவற்றையும் இந்தக் கட்டுரை மறுபடி விசாரணைக்கு எடுத்தது. கிளைவிடும் புழுக்கள் நாம் அறிந்ததைவிட அதிகம் இருக்கக்கூடும் என்பது அவர்கள் முடிவு. சாப்பாட்டுப் புதிரிலும் ஒரு நூல் கிடைத்திருக்கிறது: குடல் சுவர் முழுக்க நுண்ணிழைகள், அதிலும் கிளை பிரியும் இடத்திலும் ஆசனவாயிலும் மிக அடர்த்தியாக. உணவு வாய் வழியாக மட்டும்தான் போக வேண்டுமா என்று யோசிக்க அது இடம் தருகிறது.

புதிய இனம் என்று எழுதிக் கையெழுத்திட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அது, இன்ன காரணத்தால் இது தனி என்று அன்றைக்குக் கையில் இருந்த கருவிகளோடு வைத்த ஒரு வாதம். மெக்கின்டாஷின் வாதம் கிளைவிடும் உடலைக் காட்டி நின்றது. அந்த ஒரு குணம் தனியே போதாது என்று இன்று தெரிகிறது. அதனால் அவர் வைத்த பெயர் செல்லாமல் போகவில்லை. அந்தப் பெயருக்குள் யார் யார் அடங்குவர் என்ற எல்லைதான் சுருங்குகிறது. நல்ல விவரிப்பு என்பது பின்னால் வருபவர் இப்படித் திருத்த முடிகிற அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்டது.

சாடோ கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்தப் புழு குடியிருந்த பெட்ரோசியா கடற்பஞ்சும் அப்போது விவரிக்கப்படாத இனம்தான். குடியிருப்பவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது, வீட்டுக்குக் கிடைக்கவில்லை. கடற்பஞ்சை அடையாளம் காண முள்மயிர் உதவாது. அதன் சதைக்குள் பொதிந்து கிடக்கும் நுண்ணிய மணற்சத்து ஊசிகளைப் பிரித்தெடுத்து எண்ண வேண்டும்.

அந்த ஊசிகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)